பத்து அங்குலம் இரண்டு

செப்டம்பர் 28, சனி
மேல்மாடிப் பின்னறை இன்று முதல் என் இசையறை. அங்கிருந்த என் மனைவி ரஜிதாவின் இரண்டு தையல் மெஷின்களும், சுவரை மறைத்து அடுக்கியிருந்த துணிச் சுருள்களும் கீழே கார் நிறுத்தும் கொட்டகைக்குப் போய்விட்டன.

"அங்க நல்லா காத்து வரும்" என்றேன்.

"மழையும் வரும்ங்க" என்றாள்.

எதிலும் குறை காண்பவள். இனிப் பெரிய கேள்வி: அடியொலியை அதிரவைக்கும் சப்வூஃபர் பெட்டி பன்னிரண்டு அங்குலத்தில் ஒன்றா, பத்து அங்குலத்தில் இரண்டா?

அக்டோபர் 2, புதன்
வங்கியில் கடன் விண்ணப்பங்களுக்கு நடுவே போனை வைத்து விமர்சனங்கள் படித்தேன். ஒருவருக்கு 'இறுக்கமான' அதிர்வு வேண்டும், இன்னொருவருக்கு 'விரிந்த' அதிர்வு. எனக்கு இரண்டும் வேண்டும். தீபாவளிக்கு நாற்பது பிளவுஸ் தைக்க ஏற்றிருப்பதாக ரஜிதா சொன்னாள். தலையாட்டினேன்.

அக்டோபர் 5, சனி
கண்டிக் கடையில் பன்னிரண்டு அங்குலம் நெஞ்சை அதிரவைத்தது. வாங்கிவிட்டேன். வீட்டில் போட்டால் மிருதங்கமும் டும், இடியும் டும்.

அக்டோபர் 6, ஞாயிறு
சப்வூஃபரை நம் நாற்காலியில் ஏற்றிவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ வேண்டுமாம். சத்தம் எங்கே தெளிவாகக் கேட்கிறதோ அதுவே பெட்டிக்கு இடம். தவழ்ந்தேன். மூன்றாவது மூலையில் தலை நிமிர்த்தினால், வாசலில் பிளவுஸுக்கு அளவு கொடுக்க வந்த கிருஷாந்தினி டீச்சர்.

"சேர், எதுவும் தொலஞ்சிருச்சா? நானும் தேடவா?"

பின்னாலிருந்து ரஜிதா: "இல்ல டீச்சர், சத்தத்தத் தேடுறாரு."

அக்டோபர் 12, சனி
கடையில் மாற்றிக்கொண்டேன். பத்து அங்குலம் இரண்டு. இப்போது இரண்டு பக்கமும் டும்.

அக்டோபர் 16, புதன்
மாலையில் பெருமழை. கொட்டகைக்குள் சாரல் அடித்து, டீச்சருடைய தங்கையின் கல்யாணப் பிளவுஸில் சிவப்புச் சாயம் இறங்கிவிட்டது. நான் மேலே சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன்.

"துணிய நகர்த்த மூணு தரம் கூப்பிட்டேங்க" என்றாள். அவ்வளவுதான்.

சண்டை போட்டிருக்கலாம். ஏன் போடல? திட்டியிருந்தா எவ்வளவோ தேவல—

அக்டோபர் 19, சனி
ரிஸ்வி வந்தான். என்னோடு வங்கியில் வேலை செய்பவன். ஒலி விஷயத்தில் எனக்கு மௌலவி மாதிரி. அறை நடுவே நின்று ஒருமுறை கை தட்டினான்.

"மச்சான், பெட்டில பிழ இல்ல. அற வெறுமையா ஈக்குது, சத்தம் சுவர்ல முட்டித் திரும்புது. முந்தி இங்க என்ன இருந்த?"

"ரஜிதாட துணி."

சிரிக்கிறான், பாவி.

அக்டோபர் 20, ஞாயிறு
மாத்தளை டவுனில் நாலு கடை ஏறி அதே நிறப் பட்டுத் துணி வாங்கினேன். டீச்சர் வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டேன். வந்து ரஜிதாவிடம், துணிச் சுருள்களை மட்டும் மேலே வைத்தால் பாட்டுக்கு நல்லது என்றேன். மட்டும்! என் வாயிலிருந்துதான் வந்தது.

"துணி வந்தா தைக்கிறவளும் வருவா" என்றாள்.

அக்டோபர் 21, திங்கள்
மெஷின்களை நானும் ரிஸ்வியும் தூக்கி ஏற்றினோம். முதுகு போயிற்று.

அக்டோபர் 29, செவ்வாய்
இன்னும் ஆறு பிளவுஸ் பாக்கி. என் நாற்காலி இருந்த இடத்தில் வெளிச்சம் அதிகம் என்று ரஜிதா தன் மெஷினைப் போட்டுக்கொண்டாள். அறையிலேயே சத்தம் ஒழுங்காகக் கேட்பதும் அங்கேதான். நான் கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஹூக் தைக்கிறேன். பதினொன்று முடிந்தது, நாலு கோணல்.

"பாட்டு எப்படிக் கேக்குது?" என்றேன்.

"ஊசியப் பாத்துத் தைங்க" என்றாள்.