வண்டி சூடாயிடுச்சி

என் அன்பு முனுசாமி அண்ணனுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. சௌக்கியமா என்று கேட்க முடியாது, அதனால் என் கதையையே சொல்கிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இப்போது கண்டக்டர் இல்லை அண்ணே. ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதையில், பாதி வழியில் டீக்கடை வைத்திருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில், அதுவும் சர்க்கரை வியாதிக்காரன், டீக்கடை! சிரிக்காதீர்கள்.

வியாதி வந்ததிலிருந்து நான் அரைமணிக்கு ஒருதரம் ஒதுங்கவேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆலங்காயத்தில் புறப்பட்டால் மலை ஏறும்வரை தாங்காது. விசிலை இரண்டுதரம் மெல்ல ஊதுவேன். நீங்கள் பஸ்ஸை ஓரங்கட்டி, "வண்டி சூடாயிடுச்சி, தண்ணி ஊத்தணும்" என்று ரேடியேட்டர் மூடியைத் திறந்துகொண்டு நிற்பீர்கள். தண்ணீர் தேடுகிறவனைப்போல நான் குடத்தோடு புதருக்குப் பின்னால் போவேன். நாலு வருஷம் ஒருவருக்கும் தெரியாமல் ஓட்டினோம் என்று நினைத்திருந்தேன்.

உங்கள் இடத்துக்கு வந்தவனிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். மூன்றாம் நாளே பஸ் முழுக்கக் கேட்கும்படி, "இன்னாய்யா, ஒனக்காவ எத்தினி வாட்டி நிறுத்தறது? வூட்லயே போய்ட்டு வர மாட்டியா?" என்றான். அன்றிலிருந்து தண்ணீர் குடிப்பதையே விட்டேன். ஒருநாள் படிக்கட்டில் மயங்கிச் சரிந்தேன். பஸ் முதலாளி டிக்கெட் பையை வாங்கிக்கொண்டு, "வேற வேலையப் பாத்துக்கப்பா" என்றார். இருபத்திரண்டு வருஷத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதுமா அண்ணே?

கடையிலாவது நிம்மதி உண்டா? கிளாஸை நீட்டும்போது வாய் தானாக "ரைட்" என்கிறது. சர்க்கரை போடத்தான் கை வரமாட்டேன் என்கிறது. டாக்டர் பயமுறுத்தியதிலிருந்து அது எனக்கு விஷமாகவே தெரிகிறது. அரை ஸ்பூனோடு நிறுத்திவிடுகிறேன். "இன்னா கோயிந்தா, கஷாயமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். இதுவும் போனால் நான் எங்கே போவேன்?

போன வாரம் காளியம்மா வந்தாள். சந்தைக்குப் புளி கொண்டுபோக நம் பஸ்ஸில் வாராவாரம் ஏறுவாளே, அவள்தான். ஒரு வாய் குடித்தாள். டப்பாவைப் பிடுங்கித் தானே இன்னொரு ஸ்பூன் போட்டுக்கொண்டாள்.

"சக்கர ஆவாதது ஒனக்குத்தான? எங்களுக்கு இன்னா வந்தது?"

தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்கு யாரும்மா சொன்னது?" என்றேன்.

"யாரு சொல்லணும்? மழ கொட்றப்பகூட வண்டி சூடாயிடுச்சின்னு நிறுத்துவாரு அந்த டிரைவரு. மழையில எந்த வண்டி சூடாவும்? பாவம் மன்சன்னு அல்லாரும் அந்தாண்ட திரும்பிக் குந்திக்குவோம்."

மழையிலாவது வேறு பொய் சொல்லக்கூடாதா அண்ணே? உங்கள்மேல் அப்படிக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. நாலு வருஷத்தில் ஒருவர்கூட நேரமாகிறது என்று கத்தியதில்லை, அது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

இப்போது எல்லாருக்கும் இரண்டு ஸ்பூன் போடுகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அடுத்த கடைக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். கடைக்குப் பின்னால் ஓலையில் ஒரு மறைப்பும் கட்டிவிட்டேன். வாசலில் எப்போதும் ஒரு குடம் தண்ணீர் இருக்கும். சூடாயிடுச்சி என்று எந்த பஸ் வந்து நின்றாலும் ஆவி வருகிறதா என்று எட்டிப் பார்க்க மாட்டேன். உங்கள் இடத்துக்கு வந்தவன் நிறுத்தினாலும்தான். இது சத்தியம்.

இரண்டு விசில் ஊதிய
உங்கள் தம்பி,
கோவிந்தன்