ஒன்பதாம் கேள்வி

நாள் 1, காலை 09:10

நிலவின் தென்முனைச் சிறை, மருத்துவப் பிரிவு. எழுதுவது டாக்டர் செண்பகவல்லி. இங்கே இருக்கும் ஒரே டாக்டர் நான்தான். கைதி இஞ்ஞாசி, வயது அறுபத்திரண்டு, தூத்துக்குடிக்காரர். சாப்பாட்டு வரிசையில் கைகலப்பு. இருபது நாள் தனிக்கொட்டடி. அடைக்கும் முன் மனநலப் பரிசோதனை கட்டாயம், அதுவும் நேரில். விண்வெளிக் கவச உடை மாட்டிக்கொண்டு கைதிகள் பகுதிக்குப் போய்வர இரண்டு மணி நேரம், யாரால் முடியும்? வழக்கம்போல போனில் கேட்டேன். படிவத்தில் ஒன்பது கேள்விகள். தனிக்கொட்டடிக்குத் தகுதி உண்டு என்று சான்றிதழில் கையெழுத்திட்டேன்.

நாள் 4, காலை 08:30

கொட்டடியிலிருந்து அவர் அழைத்தார். "டாக்டரம்மா, செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுதாங்க."

அந்தப் பக்கம் வெறும் பாறை. தூக்க மாத்திரை அனுப்பினேன்.

நாள் 6, காலை 11:45

சாப்பாட்டுத் தட்டு தொடாமல் திரும்பி வருகிறதாம். பரிசோதனை ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். நான் அவரிடம் கேட்டிருந்தது எட்டுக் கேள்விகள்தான். ஒன்பதாவது: உயிரை விட முயன்றதுண்டா? அப்பா வயதுக்காரரிடம் அதைக் கேட்க வாய் கூசும். யாரிடமும் நான் கேட்டதில்லை. நானே 'இல்லை' என்று நிரப்பிவிடுவேன்.

பதிவில் அவர் குரல்: "இன்னும் ஏதாச்சும் கேக்கணுமாம்மா?"

"அவ்வளவுதாங்கய்யா."

அவர் போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா!

நாள் 7, மாலை 04:20

என் சான்றிதழை ரத்து செய்தால் அவரைக் கொட்டடியிலிருந்து வெளியே விடுவார்கள். ரத்துக்குக் காரணம் எழுத வேண்டும். எழுதினால் இத்தனை வருடமாக நான் நிரப்பிய 'இல்லை' எல்லாம் சந்திக்கு வரும். எழுதினேன், அழித்தேன், டீ போட்டுக் குடித்தேன். இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை. வெட்கங்கெட்டவள் நான், இதை யார் கண்டெடுத்தாலும் என் பெயரை மறைக்க வேண்டாம்.

நாள் 9, காலை 10:05

உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டேன். மேலதிகாரியின் பதில்: "சான்றிதழ் ரத்து. கைதியை உடனே வெளியே கொண்டுவரவும். உங்கள் விஷயம் பிறகு."

காலை 10:50

காவலர் மங்களம்: "மேடம், கதவைத் தெறந்தாச்சு. ஆளு உயிரோடதான் இருக்காரு. ஆனா வரவே மாட்டேங்குறாரு. நீங்க வாங்களேன்."

பகல் 12:30

முதல்முறையாக நேரில் வந்திருக்கிறேன். சுவரில் காதை வைத்து உட்கார்ந்திருக்கிறார். பாதி உடம்பாகிவிட்டார். நான்தான் டாக்டர், வாங்கய்யா போகலாம் என்றேன். ஹெல்மெட் ரேடியோவில் பதிவானதை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்க டாக்டர் இல்ல. டாக்டரம்மா இந்தச் செவுத்துக்குள்ள இருக்காங்க. தங்கமானவங்க. பொஞ்சாதி செத்த அன்னைக்கு நான் சாவணும்னு கடல்ல எறங்குனது வரைக்கும் ஒண்ணுவிடாம கேட்டுட்டாங்க. அவங்களத் தனியா விட்டுட்டு நான் எங்க வாரது?"

பகல் 12:55

கதவு திறந்துதான் இருக்கிறது. வாசலிலேயே நிற்கிறேன். அவர் சுவரிடம் மெதுவாகப் பேசுகிறார்.

"பயப்படாதீங்கம்மா. யாரோ வந்திருக்காங்க. இப்பப் போயிருவாங்க."