வங்காள எழுத்தில் ஒரு சங்கீதம்

பெஹாலா, கல்கத்தா
6.4.1998

அன்பு மகள் கெசியாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவருடைய தயவால் நாங்கள் இருவரும், என் முழங்காலும் அப்பாவின் இருமலும் நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நன்றாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். சென்ற மாதம் எட்டாம் தேதி ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு நம் வீட்டில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. இருபத்திரண்டு வருடமாகக் கோயிலில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து வந்த நாங்கள் இனிமேல் கடைசி பெஞ்சில் உட்காருவோம். அப்பா முன்மொழிந்தார், நான் வழிமொழிந்தேன், எதிர்ப்பு இல்லை. காரணத்தைப் போனில் அரைகுறையாகச் சொன்னேன், முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடமாக நான் நடத்திய சண்டே ஸ்கூலை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

நம் சபைப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் கேட்பார்கள், தெருவில் வங்காளம் பேசுவார்கள், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் அவர்கள் தமிழில் பாட வேண்டும், வேதத்திலிருந்து சங்கீதம் சொல்ல வேண்டும் என்று பெற்றோருக்கு ஆசை. ஆகவே நான் தமிழை வங்காள எழுத்தில் எழுதிக் கொடுத்து வந்தேன். இதில் ரகசியம் ஒன்றுமில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மார்ச் முதல் ஞாயிறு அதில் ஒரு தாள் செயலர் துரைப்பாண்டியின் கையில் கிடைத்தது. இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகியும் பஸ் நம்பரைத் தவிர வங்காளத்தில் எதையும் வாசிக்கத் தெரியாதவர் அவர். வேறு சபைக்காரர்கள் நம் பிள்ளைகளை இழுக்க நோட்டீஸ் விடுகிறார்கள் என்று முடிவுகட்டி, ஆராதனை முடிந்து எல்லாரும் முற்றத்தில் நிற்கும்போது வாட்ச்மேன் நிமாயைக் கூப்பிட்டு உரக்க வாசிக்கச் சொன்னார். நிமாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிறுத்தி நிதானமாக வாசித்தான். அவனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நின்றிருந்த அறுபது பேருக்கும் புரிந்தது. இருபத்துமூன்றாம் சங்கீதம். மேய்ப்பர், புல், தண்ணீர் எல்லாம் வரிசையாக வந்தன. முடிந்ததும் பெரியவர்கள் சிலர் பழக்கத்தில் ஆமென் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆமென்தான் துரைப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. ஏம்மா ரோஸ்லின், வேத வசனத்த இப்பிடியா எழுதுறது, நாளைக்கு ஆண்டவர பூஜா பந்தல்ல ஒக்கார வெப்பீங்களோ என்று கேட்டார். ஹெலன் சிஸ்டர், போன ஜூலையில் பாளையங்கோட்டையிலிருந்து மாற்றலாகி வந்த பாங்க் அதிகாரியின் மனைவி, பிள்ளைங்க இவங்கள வங்காளத்துல மாஷின்னுல்லா கூப்புடுதுவ, ஒரு அத்தை உண்டா ஆன்ட்டி உண்டா என்று எடுத்துக் கொடுத்தார். அந்த வாரமே கமிட்டி கூடி, ரோஸ்லின் அம்மாள் கோயில் வளாகத்தில் பிள்ளைகளுக்கு எதையும் சொல்லிக் கொடுக்கலாகாது என்று தீர்மானம் நிறைவேற்றியது. பொறுப்பு ஹெலன் சிஸ்டருக்கு. குருத்தோலை ஞாயிறுக்குள் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுத்துவிடுவதாக வாக்களித்தார், நான்கு வாரம் இருந்தது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்னோடு பதினைந்து வருடம் பாடகர் குழுவில் நின்ற மெர்சிபாய், அவள் பிள்ளைகள் இரண்டுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், கரியாஹாட் மார்க்கெட்டில் என்னைப் பார்த்ததும் குனிந்து வெள்ளரிக்காயை ஆராயத் தொடங்கினாள். வெள்ளரிக்காயில் அவ்வளவு நேரம் ஆராய ஒன்றுமில்லை.

அந்த மனுஷங்க மூஞ்சில முழிக்கவே வேணாம்மா, வீட்லயே ஜெபம் பண்ணுங்க என்று போனில் சொன்னாய். அதையும் ஒரு ஞாயிறு செய்து பார்த்தோம். அப்பா பிரசங்கம், நான் சபை. பாதியில் சபை தூங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு ஜெபம் வரவில்லை கெசியா, இரண்டு வாரம் வரவில்லை. கண்ணை மூடினால் துரைப்பாண்டியின் முகம்தான் வந்தது. நான் கோயிலுக்குப் போகாவிட்டால் அவர் இங்கேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார். அங்கே என்றால் பத்துப் பெஞ்சு தள்ளியாவது இருப்பார். அதனால் போகிறேன். உற்சாகமாகப் போகிறேன் என்று எழுதினால் பொய். களைப்பாகத்தான் போகிறேன், களைத்தவர்கள் வரக் கூடாது என்று இதுவரை தீர்மானம் ஒன்றும் போடவில்லை.

நேற்று குருத்தோலை ஞாயிறு. பதினான்கு பிள்ளைகள் ஒரு கையில் ஓலையும் மறு கையில் தமிழ் எழுத்துத் தாளுமாக வாசலிலிருந்து புறப்பட்டார்கள். முதல் வரி எப்படியோ போனது. இரண்டாவது வரியை ஹெலன் சிஸ்டர் தனியாகப் பாடினார். பிள்ளைகள் தாளைப் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, சும்மா இரு ரோஸி, தீர்மானம் போட்டுருக்காங்கல்லா என்றார். எனக்கும் எழுந்திருக்க மனமில்லை. எழுந்து வரியை எடுத்துக் கொடுத்தேன். குரல் நன்றாக இல்லை. பிள்ளைகள் பிடித்துக்கொண்டு பீடம்வரை பாடிப் போனார்கள். மெர்சிபாய் என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் பாடினாள். துரைப்பாண்டி டைரியை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

நீ அங்கே வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தலை வாரி, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு ஒருதரம் போய்விட்டு வா. வெயிலில் அலையாதே. இரும்புச் சத்து மாத்திரையை மறக்காமல் சாப்பிடு. ஆண்டவர் உங்கள் இருவர் தலைமேலும் கை வைத்துக் காப்பாராக.

உன் அம்மா,
ரோஸ்லின் ஞானமுத்து

பி.கு. இன்று மதியம் செயலர் போன் செய்தார். சபைப் பதிவேட்டிலிருந்து என் பெயரை நீக்குவது பற்றிக் கமிட்டி பத்தொன்பதாம் தேதி கூடுகிறது. ஈஸ்டர் ஆராதனை பன்னிரண்டாம் தேதி காலை ஐந்தரைக்கு. ஐந்து மணிக்கு டாக்சி சொல்லியிருக்கிறோம்.