ஃபெரிக்கும் லைலின் அரைக் கோப்பையும்

மார்ச் 1, வியாழன்

ஃபெரிக் லாரி வந்தது, ஆற்றுத் தண்ணீரைத் தெளியவைக்கும் இரும்புக் கரைசலோடு. குழாய் மாட்டும்போது இரண்டு சொட்டு தெறித்து, புதுச் சட்டை போச்சு. இந்தக் கறை எந்தச் சோப்புக்கும் மசியாது. சுத்திகரிப்பு நிலையத்தில் பதினாறு வருடம், எத்தனை சட்டை! ஆனாலும் இந்தத் துருப்பிடித்த கஷாயத்தின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆற்றில் மிதக்கும் களிமண் தூசு ஒன்றையொன்று கிட்டே சேர்க்காது. ஃபெரிக் உள்ளே போய்ச் சமாதானம் பேசி, பஞ்சு பஞ்சாகத் திரட்டி அடியில் உட்காரவைக்கும். மிச்சத்தை மணல் படுகை பார்த்துக்கொள்ளும். இந்த ஊரில் ஆயிரத்து நூறு பேர் குடிப்பது அப்படி வந்த தண்ணீரைத்தான்.

வீட்டில் என் கணவன் லைலுக்கு டயாலிசிஸ் நாள். அவன் சிறுநீரகம் கைவிட்டு நாலு வருடம் ஆகிறது. ஒன்றுவிட்டு ஒரு நாள், முன்னறையில் ஐந்து மணி நேரம். மெஷினுக்கும் ஊர்த் தண்ணீர்தான். இன்று இரும்புச்சத்து மருந்தும் ஏற்றினேன். குப்பியில் அதே பழுப்பு.

"உன் ஆத்துக்கும் எனக்கும் ஒரே சரக்குதான், நோரீன். எனக்குக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் குடுக்கிறாங்க, அவ்வளவுதான்."

பொய்யில்லை. அந்த மருந்தே சர்க்கரையில் பிணைத்த ஃபெரிக்தான். போன வருடம் படியேறவே மூச்சு வாங்கியவன் இன்று நாயை நடத்திக் கூட்டிப் போனான்.

மார்ச் 2, வெள்ளி

மழை! மூன்று வருட வறட்சிக்குப் பிறகு. ஊரே தெருவில் நின்று நனைந்தது, நானும்தான்.

மார்ச் 3, சனி

நனைந்தது போதும். ஆறு சாக்லேட் நிறத்தில் வருகிறது. படுகையைத் தாண்டியும் தண்ணீர் கலங்கலாகவே இருந்ததால் தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிட்டோம். மேட்டுத் தொட்டியில் இருப்பது ஒன்றரை நாளுக்குத்தான் வரும். மலைப்பாதை சரிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.

காலையில் லைலின் டயாலிசிஸ் முடிந்தது, நல்ல வேளை. அடுத்தது திங்கள். ஒரு தடவைக்கு நானூறு லிட்டர் வேண்டும், அதுவும் குழாயில் அழுத்தத்தோடு. வாளியில் மொண்டு ஊற்ற முடியாது.

டயாலிசிஸ் நர்ஸ் இம்மெல்டாவுக்குப் போன் செய்தேன். "செவ்வாய்க்குத் தள்ளலாம். புதனுக்கு முடியாது. பொட்டாசியம் ஏறினா இதயம் சொல்லாமக் கொள்ளாம நின்னுடும். வாழைப்பழத்தை அவர் கண்ணுல காட்டாதே."

"ஹெலிகாப்டர்?"

"மேகம் விலகட்டும்மா. உங்களை முதல் பேரா எழுதி வச்சிருக்கேன்."

முதல் பெயர். அதற்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம்.

மார்ச் 4, ஞாயிறு

காலை ஐந்து மணியிலிருந்து நானும் என்னோடு வேலை பார்க்கும் டெஸ்ஸும் நிலையத்தில். அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது, நைந்த முதுகு, ஓயாத வாய். ஃபெரிக்கைக் கூட்டினோம். சரியாகவில்லை. இன்னும் கூட்டினோம். இப்போது தண்ணீர் மஞ்சளாகவே வந்தது.

"ஆத்துக்குச் சாயம் போடுறோமா, சுத்தம் பண்றோமா?"

"வாயை மூடிட்டு வால்வைத் திற" என்று கத்திவிட்டேன். பாவம் அவன்.

தொட்டித் தண்ணீரைத் தொட மனம் வரவில்லை. படுகையிலிருந்து வந்த மஞ்சளையே கொதிக்கவைத்து பிளாஸ்க்கில் தேநீர் போட்டேன். கோப்பையில் பால் விட்டதும் சாம்பல் நிறமானது. பால் கெட்டுவிட்டது என்று டெஸ் திட்டினான்.

மூன்று மணிக்கு, உடம்பில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று லைலை எடை பார்க்க வீட்டுக்கு ஓடினேன். அவனுக்கு ஒரு நாளைக்கு அரைக் கோப்பைத் தேநீர்தான், பால் கூடாது. பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

"என்னடி இது, டீயா மசியா? நாள் பூரா இந்த அரைக் கோப்பைக்காகக் காத்துக் கிடக்கேன். பேனா எடுத்துட்டு வா, கடுதாசி எழுதலாம்."

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. தேயிலைத் துவர்ப்பும் ஃபெரிக்கும் சேர்ந்தால் மசிதான். அப்படியானால் ஃபெரிக் திரளாமல் கரைந்தபடியே படுகையைத் தாண்டி வருகிறது. தண்ணீர் புளித்திருந்தால்தானே அப்படிக் கரையும்? ஆனால் பி.எச். மீட்டர் மூன்று நாளாக 6.8 காட்டுகிறதே. ஆடாமல், அசையாமல், அதே 6.8.

ஆடாத மீட்டர்! வெள்ளத்தில்!

கோப்பையைப் பிடுங்கிக் கொட்டிவிட்டு ஓடினேன். மீட்டரின் முனையில் கைவிரல் கனத்துக்குத் துருச்சேறு. துடைத்து வைத்தால் 3.6, அசல் புளிப்பு. ஃபெரிக் திரளும்போது தண்ணீரில் அமிலத்தை விட்டுவிடும். வழக்கமாக ஆற்றில் இருக்கும் காரம் அதைச் சரிக்கட்டும். மழைத் தண்ணீரில் காரம் ஏது? நான் ஊற்ற ஊற்றப் புளித்திருக்கிறது.

முனையைத் துடைப்பது புதன்கிழமை வேலை. பதிவேட்டில் புதன்கிழமைக் கட்டத்தில் டிக் இருக்கிறது, என் கையால். துடைத்தேனா? இல்லை. டிக் போட்டேன், அவ்வளவுதான். அடிப்பாவி நோரீன், உன் புருஷன் உயிரோடா விளையாடினே?

அழ நேரமில்லை. ஆறு கண்ணாடிக் குவளைகளில் ஆற்றுத் தண்ணீர். ஃபெரிக்கைப் பாதியாகக் குறைத்து, சலவைச் சோடாவை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூட்டிக் கூட்டிப் போட்டோம். ஐந்தாவது குவளையில் டெஸ் மூக்கையே நுழைத்தான்.

"ஏய், பாரு பாரு... உக்காருது! குட்டி, உக்காருது!"

முதுகை மறந்து அவன் இருபது மூட்டை சோடா சுமந்தான்.

மார்ச் 5, திங்கள்

காலை ஆறு: தெளிந்தது. ஒன்பது: தொட்டிக்குத் திறந்தோம். குழாயில் அழுத்தம் வர மாலை நாலு மணி ஆகுமாம்.

மார்ச் 6, செவ்வாய்

காலையில் தலைமை அலுவலகத்துக்கு நடந்ததை எழுதினேன். "புதன்கிழமை என் வேலைன்னு போட்டுடு" என்றான் டெஸ். "இன்னும் ஒன்பது மாசத்துல ரிட்டையராகி வீட்டுக்குப் போறவன். என்னைத் திட்டி என்ன பண்ணப்போறாங்க?" அந்த மனசு யாருக்கு வரும்? அவனைக் கட்டிக்கொண்டேன். பிறகு என் பெயரைத்தான் எழுதினேன். எச்சரிக்கைக் கடிதம் வரும், வரட்டும். ஊரில் ஒரே ஒரு புகார், கீழத்தெருப் பெண்மணி ஒருத்தி, தண்ணீரில் சோடா வாசனை அடிக்கிறதாம். அவள் மிரண்டுபோகும் அளவுக்கு நன்றி சொன்னேன்.

நேற்று மாலை நாலரைக்கு லைலை மெஷினில் போட்டேன். ஒன்பதரைக்கு முடிந்தது. ஊசிகளை எடுத்துப் பஞ்சு வைத்து அழுத்தினேன். பத்து நிமிடம் அழுத்த வேண்டும். விரலுக்கடியில் அவன் ரத்தம் குறுகுறுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"போதும் நோரீன், ரத்தம் கசியறது எப்பவோ நின்னுடுச்சு. கையை விடு."

விடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.