என் போனுக்கு வரும் எண்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? ஸ்ரீரங்கம் விடுதியில் நான் நலமே.

போன வாரம் எங்கள் தில்லை நகர் ஸ்கேன் சென்டரின் பாஸ்வேர்டை யாரோ தெரிந்துகொண்டு, நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளைத் திறக்கப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரிலேயே அதை எழுதி ஒட்டியிருந்தோம். நல்லவேளை, உள்ளே நுழைய ஒவ்வொரு முறையும் என் போனுக்கு வரும் எண்ணும் வேண்டும். பாஸ்வேர்டு மட்டும் போதுமென்றிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

ஈஸ்டருக்கு ஊருக்கு வர சென்டர் டாக்டரிடம் லீவு கேட்டேன்.

"உங்க எஸ்டேட்ல டவர் கிடைக்காதேம்மா, நம்பர் எப்படி வரும்?" என்றார் டாக்டர்.

"இன்னொரு போனையும் சேர்க்கலாம் சார்."

"வேணாம்மா, உன்னைத்தான் நம்புறேன்."

அதனால் இந்த முறை வர முடியாது. இங்கே வரும் பெலிண்டா அக்காவிடம் கொஞ்சம் தேயிலைத்தூள் கொடுத்தனுப்புங்கள். டவர் கிடைக்கும் வால்பாறைக்கு நீங்கள் போகும்போது கூப்பிடுங்கள். குளிக்கும்போதுகூட போன் பக்கத்திலேயே இருக்கிறது, உடனே எடுத்துவிடுவேன்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

லிசி