ஞானத்தகப்பன் கொடுத்த பொடி

ஸ்ரேம்,
மார்ச் மாதம், ஞாயிறு

அன்பு மகள் நெவேனாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன். நீயும் மருமகனும் பச்சைப்பிள்ளையும் லின்ஸில் சுகமாக இருக்க ஆண்டவர் துணை இருக்கட்டும். பிள்ளைக்குப் பால் போதுகிறதா? பெருஞ்சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் குடி.

ஞானஸ்நானத்துக்கு நம் ஞானத்தகப்பன் விளாஸ்திமிரை எப்போது அழைக்கலாம் என்று போனில் கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவருடைய அப்பா உன் அப்பாவை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தினார். அவர் உன்னை ஏந்தினார். இப்போது உன் மகனை ஏந்திப் பெயர் வைப்பதும் அவர் உரிமைதான். கூடப் பிறந்தவர்களுக்கும் மேலாகத்தான் அவரை வைத்திருந்தோம். ஆனால் அவரை அழைக்காதே, மகளே. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

இலையுதிர் காலத்தில் நம் பன்றிக்குட்டிகள் செத்தது உனக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது. பால் மறந்த குட்டிகளுக்குத் தீவனம் கலப்பது எப்போதும் நான்தான். சோளமாவும் சோயாவும் கொட்டி, விளாஸ்திமிர் தன் தீவனக் கடையிலிருந்து கொண்டுவரும் வைட்டமின் பொடியைச் சேர்த்து, மண்வெட்டியால் புரட்டுவேன். அந்த முறை பொடி கட்டி கட்டியாக இருந்தது. நிலவறை மாதிரி ஈர நாற்றம் வேறு. அவரிடமே சொன்னேன். "நீ எப்போ விவசாயக் கல்லூரிக்குப் போன, தெசா? புது ஃபேக்டரி, புது வாசனை. பன்றி என்ன சென்ட் கேட்டுதா?" என்று சிரித்தார். உன் அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் கலந்தேன்.

குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டது. தண்ணீராய்ப் போயின. முதுகெலும்பு துருத்திக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டு கிடந்தன. கால்நடை டாக்டர் செத்ததை அறுத்துக் காட்டினார். குடல் நனைந்த காகிதம்போல விரல் பட்டதும் கிழிந்தது. "தீவனத்துல ஒரு கைப்பிடி குடுங்க, சோதிக்க அனுப்பலாம்" என்றார். உன் அப்பா கொடுக்கவில்லை. "ஞானத்தகப்பன் வீட்டுப் பொருளைச் சோதிக்க அனுப்பினா, நாளைக்கு எந்த மூஞ்சியோட அவன் மேசையில உக்காருவேன்?" என்று கேட்டார். நானும் அது சரிதான் என்று நின்றேன். நம் ஊரில் வேறு யாராக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் விளாஸ்திமிர் வந்தார். உன் அப்பாவின் தோளில் கை போட்டுக்கொண்டு தொட்டியைப் பார்த்தார். "பொம்பளைக்குக் கை அளவு தெரியலையே, ஸ்வேதோசர். பொடி கூடினாலும் குடலைத் தின்னும். தொட்டியையும் சுடுதண்ணி ஊத்திக் கழுவலை" என்றார். என் எதிரில்தான் சொன்னார். நான் தினமும் கழுவினேன், நெவேனா. என் கை வெந்து தோல் உரிந்ததை உன் அப்பா பார்த்திருக்கிறார். ஆனாலும் விளாஸ்திமிரைத்தான் நம்பினார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. கம்பளியை எடுத்துக்கொண்டு வெளி அடுக்களைக்குப் போய்ப் படுத்தார். அங்கேதான் தூக்கத்தில் அவர் உயிர் போனது. காலையில் காப்பி எடுத்துக்கொண்டு போனேன், உடம்பு சில்லிட்டிருந்தது.

நாற்பதாம் நாள் பூசையில் எல்லோருக்கும் பகிரும் கோதுமையை வேகவைக்க விளாஸ்திமிரின் மனைவி பெர்சிதாவிடம் பெரிய பானை வாங்கியிருந்தேன். திருப்பிக் கொடுக்கப் போனபோது தன் குட்டிகளைக் காட்டக் கூட்டிப்போனாள். உருண்டு திரண்டு, ரோஜா நிறத்தில். எங்களுக்கும் இப்படி இருந்திருக்கலாம் என்றேன். அவள் கள்ளமில்லாமல் சொன்னாள்: "எங்களுக்கும் போயிருக்கும் தெசா. கிடங்குல தண்ணி பூந்து பொடியெல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. நம்ம குட்டிக்கு ஒரு சிட்டிகைகூடப் போடாதேன்னு இவர் கறாரா சொல்லிட்டார். எல்லாத்தையும் குழியில கொட்டிட்டாராம்." எந்தக் குழி என்று நான் அவளிடம் சொல்லவில்லை. பானையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

விளாஸ்திமிரை இன்னும் 'அவர்' என்றே எழுதுகிறேன், பார். கை பழகிவிட்டது. பொடி கெட்டது தெரியாமல் கொடுத்தார் என்றால் மன்னித்திருப்பேன். தெரிந்து கொடுத்தாலும், குட்டிகள்தானே என்று என்றைக்காவது மனசை ஆற்றியிருப்பேன். ஆனால் தன் தப்பைத் தூக்கி என் தலையில் வைத்து, அதை நம்பவைத்தே என் புருஷனை அனுப்பிவிட்டார். சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவரும் அவர்தான்.

அவர் உனக்குப் போன் செய்வார். அழுவார். அந்த அழுகை பொய்யில்லை, உன் அப்பாமேல் அவருக்குப் பாசம் உண்டு. அதனால்தான் பயப்படுகிறேன், நீ இளகிவிடுவாய். மரியாதைக் குறைவாகப் பேசாதே. அம்மா வேண்டாம் என்கிறாள் என்று மட்டும் சொல். ஞானத்தகப்பனை ஒதுக்கிய வீடு விளங்காது என்று ஊர் பேசும். என்னைப் பேசட்டும்.

கடைசியாக உன் அப்பா உன்னோடு நெடுநேரம் போனில் பேசினார். நான் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்கமாட்டேன். நீயும் சொல்ல வேண்டாம். நீ அதை நம்பியிருந்தால், இப்போது நம்பாதே. அது போதும்.

பிள்ளையை அங்கேயே ஒரு நல்ல மனிதர் ஏந்தட்டும். பெயரை நீங்கள் இருவருமே வையுங்கள். ஸ்வேதோசர் என்று வைக்க ஆசைப்பட்டால் வை, தடுக்கமாட்டேன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட மட்டும் எனக்குக் கொஞ்ச நாள் கொடு.

உங்கள் மூவருக்கும் என் ஆசீர்வாதம்.

உன் அம்மா,
தெசாங்கா