நேர்கோட்டில் ஒன்பது மணி நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காதே.

அடுத்த மாதம் அப்பாவின் இதய ஆபரேஷனுக்கு வர லீவு கேட்டேன். மேலாளர் கம்ப்யூட்டரில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் தட்டிப் பார்த்தார்.

"ஒன்பது மணி நேரம்தானே? மூணு நாள் தாராளம்பா."

"சார், அது நேர்கோட்டுக் கணக்கு. அப்படிப் பறக்கிற விமானமே கிடையாது. ரெண்டு இடத்துல மாறணும், முப்பத்தொரு மணி நேரம். இறங்கினா அஞ்சு மணி நேரம் பஸ்."

"அப்ப உங்க ஊரைக் கொஞ்சம் கிட்ட நகர்த்தி வைக்கச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அம்மா. அதுதான் இன்னும் ஆறவில்லை.

வர முப்பத்தாறு, திரும்ப முப்பத்தாறு. மூன்று நாளும் அதிலேயே தீர்ந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நான் வரவில்லை.

அப்பாவின் கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போ. மயக்கம் தெளிந்ததும் போனை அவர் காதருகே வை. பேச வேண்டாம், 'ம்' கொட்டினால் போதும்.

இடைவேளை முடிந்துவிட்டது, எழுந்தாக வேண்டும். நான் எங்கே என்று அப்பா கேட்டால், ரொம்ப தூரம் என்று மட்டும் சொல். ஒன்பது மணி நேரம் என்று வாய் தவறியும் சொல்லிவிடாதே. கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

உன் மகன்